இடப்பக்கம் மட்டும் திரும்பும் கார்

கண்ணாடிக்காரருக்கு ஒரு நம்பிக்கை உண்டு. உலகத்தில் பொருந்தாத பொருள் என்று எதுவுமே கிடையாது. ஓரத்தைக் கொஞ்சம் தேய்த்தால், இல்லை கொஞ்சம் சூடு காட்டி வளைத்தால், எல்லாம் பொருந்திவிடும். மூக்குக் கண்ணாடிக் கடையில் பாதி ஆயுளைக் கழித்தவருக்கு வேறெப்படித் தோன்றும்? லென்ஸ் பெரிதாக இருந்தால் கல்லில் வைத்துத் தேய்ப்பார். ஃபிரேம் காதைக் கடிக்கிறது என்று யாராவது வந்தால், சூடான காற்று ஊதும் மெஷினுக்கு முன்னால் காட்டி, கட்டை விரலால் லேசாக ஓர் அழுத்து. அவ்வளவுதான், வந்தவர் தலையை ஆட்டிப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகப் போவார். இந்த நம்பிக்கையைக் கடைக்குள்ளேயே வைத்துப் பூட்டியிருந்தால் வம்பே இல்லை. மனுஷன் அதைக் காருக்கும் கொண்டுபோனார்.

அந்தக் கார் அவருடையதுகூட இல்லை, மனைவியுடையது. குட்டிக் கார். நாலு பேர் ஏறினால் ஐந்தாவது ஆளின் பையை மடியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். அவள் லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் ஃபோன் எடுக்கிற வேலையில் இருந்தாள். எங்கேயாவது லிஃப்ட் நடுவில் நின்றுபோனால் உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் அலறுவது இவள் காதில்தான். வருஷக்கணக்காக இந்த அலறலைக் கேட்டுச் சலித்துப்போயிருந்த நேரத்தில், கட்டடம் கட்டடமாகப் போய் லிஃப்ட்டுகளைப் பார்த்து வரும் மேற்பார்வையாளர் வேலை காலியானது. மேலதிகாரி இவளைக் கூப்பிட்டு, "உனக்குத்தான் தரலாம்னு இருக்கோம். ஆனா வண்டி ஓட்டணும். லைசென்ஸ் வேணும்" என்றார். அன்றைக்கே அவள் டெஸ்ட்டுக்கு நாள் வாங்கிவிட்டாள். அந்த நாளைத் தவறவிட்டால் அடுத்த நாள் கிடைக்க ரெண்டு மாதம் ஆகும், அதற்குள் வேலை வேறு யாருக்காவது போய்விடும். இதை அவள் வீட்டில் சொன்னபோது கண்ணாடிக்காரர் நெஞ்சில் கை வைத்து, "டிரைவிங் ஸ்கூலெல்லாம் எதுக்கு? நான் எதுக்கு இருக்கேன்?" என்றார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்றால் இதுதான்.

டெஸ்ட்டுக்கு முன்னால் அவள் கம்பெனி பயிற்சிக்காக ஒரு வாரம் வெளியூர் போக வேண்டியிருந்தது. ஸ்டேஷனில் கொண்டுபோய் விட அவளுடைய தம்பி வந்தான். கண்ணாடிக்காரருக்கு மச்சினன். அவனிடம் ஆள் உயரத்துக்கு ஒரு பெரிய கார் இருந்தது, ஏற வேண்டுமென்றால் புடவையைத் தூக்கிக்கொண்டு ஒரு தாவு தாவ வேண்டும். வாசலில் ரெண்டு காரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. மச்சினன் குட்டிக் காரைச் சுற்றிவந்து பார்த்தான்.

"மாமா, பேசாம இதைத் தூக்கி என் டிக்கியில போட்டுக்கலாம் போலிருக்கே!"

அவன் சிரித்தால் பரவாயில்லை. எதிர்வீட்டுக்காரர் சிரித்ததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மனைவியும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கண்ணில் தண்ணீர் வர அப்படிச் சிரித்தாள் பாருங்கள், அதுதான் சுருக்கென்று தைத்துவிட்டது. கண்ணாடிக்காரர் அன்று மத்தியானம் கடையில் உட்கார்ந்திருந்தவர், எதிரே வைத்திருந்த ஃபிரேம்களைப் பார்த்தார். ஒடுங்கின முகத்துக்கு அகலமான தடித்த ஃபிரேம் போட்டுவிட்டால் முகம் எடுப்பாகத் தெரியுமே! காருக்கு மட்டும் என்ன, டயரைத் தடியாகப் போட்டால் ஆயிற்று. யோசனை பிறந்த சந்தோஷத்தில் கடையைப் பாதியில் மூடிவிட்டுக் கிளம்பினார்.

டயர் கடைக்காரர் பேச்சில் வெண்ணெய். காரைப் பார்த்தார், கண்ணாடிக்காரர் விரலை நீட்டிய டயரையும் பார்த்தார்.

"சார், இந்த வண்டிக்குன்னு ஒரு அளவு இருக்கு. இது அதைவிட உயரமும் ஜாஸ்தி, அகலமும் ஜாஸ்தி."

"பொருந்துமா, பொருந்தாதா?"

"பொருந்தாம என்ன சார், மாட்டிடலாம். திருப்பும்போது லேசா உரசும்."

"உரசினா?"

"புதுச் செருப்பு கடிக்கிற மாதிரிதான் சார். போகப் போகப் பழகிடும்."

விற்கிறவர் இதைவிட என்ன சொல்லுவார்! நாலு தடி டயரும் ஏறின. காரும் ஏறியது. ஒரு சாண் உயர்ந்து, வயிற்றை எக்கிக்கொண்டு நின்றது. கண்ணாடிக்காரர் தள்ளி நின்று பார்த்தார், குனிந்து பார்த்தார், மறுபடி தள்ளி நின்று பார்த்தார். கண்கொள்ளாக் காட்சி! பழைய டயரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று தாராளமாகச் சொல்லிவிட்டு, ஹாரன் அடித்துக்கொண்டே கிளம்பினார்.

முதல் திருப்பத்தில் 'க்ர்ர்ர்' என்றது. லென்ஸைக் கல்லில் வைத்து அழுத்தும்போது வருகிற அதே சத்தம். ரெண்டாவது திருப்பத்திலும் அதே. வண்டியை நிறுத்திக் குனிந்து பார்த்தால், முன் சக்கரத்துக்கு மேலே குடை பிடித்த மாதிரி வளைந்திருக்கும் கறுப்பு பிளாஸ்டிக்கில் டயர் போய் இடிக்கிறது. இடம் பக்கம் ஒடித்தாலும் இடிக்கிறது, வலம் பக்கம் ஒடித்தாலும் இடிக்கிறது. வேறு யாராக இருந்தாலும் அந்த நிமிஷமே டயர் கடைக்குத் திரும்பியிருப்பார்கள். நம்ம ஆள் பிளாஸ்டிக்கைத் தட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அட, நம்ம சரக்குதானே!"

கடை வாசலுக்குக் காரைக் கொண்டுவந்து, நீள வயர் போட்டு, ஃபிரேம் சூடாக்கும் மெஷினை வெளியே இழுத்து வைத்தார். முதலில் ஒரு பக்கம். சூடு காட்டினார், பிளாஸ்டிக் இளகியது, உள்ளங்கையில் துணியைச் சுற்றி மேலே தள்ளினார். ஆறியதும் ஸ்டியரிங்கை இடம் பக்கம் முழுசாக ஒடித்துப் பார்த்தார். சத்தமே இல்லை! சும்மா சொல்லக்கூடாது, வேலை அவ்வளவு சுத்தம். தன் தோளைத் தானே தட்டிக்கொள்ளாத குறை.

அந்தக் குஷியிலேயே அடுத்த பக்கம் மெஷினைத் திருப்பி வைத்தார். அப்போது பார்த்து, படிக்கிற கண்ணாடி வேண்டுமென்று ஒரு பெரியவர் வந்தார். வந்தவர் சும்மா போவாரா? இந்த ஃபிரேமைப் போட்டுப் பார்த்தார், அந்த ஃபிரேமைப் போட்டுப் பார்த்தார், தன் கண்ணில் பூ விழுந்த கதையைச் சொன்னார். வெளியே மெஷின் பாட்டுக்கு ஊதிக்கொண்டிருந்தது. தீய்ந்த வாடை வந்த பிறகுதான் கண்ணாடிக்காரருக்கு நினைவு வந்து ஓடினார். பிளாஸ்டிக் உருகிக் கீழே தொங்கி, உள்பக்கமாக மடங்கி, ஓரம் தகரத்தோடு ஒட்டிக்கொண்டு இறுகியும் போயிருந்தது. இழுத்தார், வரவில்லை. காலை வைத்து உதைத்தார், கால்தான் வலித்தது. ஸ்டியரிங்கை வலம் பக்கம் ஒடித்துப் பார்த்தார். பாதிக்கு மேல் ஒடித்தால் முன்பு வந்ததைவிடப் பெரிய சத்தம், வண்டியே நடுங்கியது.

ஆக, இடது பக்கம் கார் ராஜா மாதிரி திரும்பும். வலது பக்கம் திரும்பவே திரும்பாது.

அந்தப் பிளாஸ்டிக் கார் கம்பெனி மெக்கானிக்கிடம்தான் கிடைக்கும், அங்கே போகலாமென்றால் இன்னொரு வம்பு. வண்டி மனைவி பெயரில், ஃபோன் நம்பரும் அவளுடையது. மெக்கானிக் ஸ்க்ரூவைத் தொட்டால்கூட அவள் ஃபோனுக்குச் செய்தி போய்விடும். டயர் கடைக்கு ஓடினார். பழைய டயர் அன்றைக்கே யாரிடமோ போய்விட்டதாம், அந்த அளவில் புதுசும் கையிருப்பில் இல்லையாம். "வரவழைக்கணும் சார். மூணு வாரம் ஆகிடும்." மூணு வாரம் என்றால் டெஸ்ட் முடிந்த பிறகு.

மனைவி ஊரிலிருந்து வந்தாள். வாசலில் காரைப் பார்த்து இடுப்பில் கை வைத்தாள்.

"என்னங்க இது? ஏன் இப்படி எவ்விக்கிட்டு நிக்குது?"

"புது டயர். பழசு வழவழன்னு ஆயிடுச்சு. டெஸ்ட்டுக்குப் போறே, நல்ல டயர் இருக்கட்டுமேன்னுதான்."

"இவ்வளவு உயரமா?"

"புதுசுல அப்படித்தான் இருக்கும். ஓட ஓட அடங்கிடும்."

டயரைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? புருஷன் தனக்காக அக்கறையாகச் செய்திருக்கிறார் என்று நினைத்துவிட்டாள். "பரவாயில்லையே, என் நெனப்புகூட இருக்கே" என்று வேறு சொல்லிச் சிரித்தாள். உண்மையைச் சொல்ல வேண்டிய நேரம் அதுதான். இவர் ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டு அவள் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அன்றிலிருந்து ஆரம்பித்தது கூத்து. சாயங்காலமானால் ஊருக்கு வெளியே இருந்த காலி மைதானத்தில் பயிற்சி. நேராக ஓட்டுவதும் கியர் போடுவதும் வெளியூர் போகும் முன்பே கற்றுக்கொண்டிருந்தாள். டெஸ்ட்டில் எட்டு போட வேண்டும். அதாவது எட்டு என்ற எண்ணைத் தரையில் எழுதுகிற மாதிரி, இடம் பக்கம் ஒரு சுற்று, வலம் பக்கம் ஒரு சுற்று. இவர் இடம் பக்கச் சுற்றையே திரும்பத் திரும்பப் போடவைத்தார்.

"வலது பக்கம் எப்பங்க சொல்லித்தருவீங்க?"

"அவசரப்படாதே. ரெண்டையும் ஒண்ணாக் கத்துக்கிட்டா ரெண்டும் அரைகுறையாப் போயிடும். இடது கைக்கு வந்துட்டா வலது தானா வந்துடும்."

"தானா எப்படி வரும்?"

"கண்ணாடியில பாக்கற மாதிரி. அதே விஷயம், திருப்பிப் போட்டது. அவ்வளவுதான்."

கண்ணாடி விஷயத்தில் அவரை எதிர்த்து யார் பேச முடியும்? அவள் நம்பிச் சுற்றினாள். சுற்றோ சுற்றென்று சுற்றினாள். இடம் பக்கம் திரும்புவதில் அவளுக்கு நிகர் அந்த ஊரிலேயே கிடையாது என்கிற அளவுக்குத் தேறிவிட்டாள்.

காலையில் அவளை ஆபீசில் கொண்டுபோய் விடுவது இன்னும் பெரிய பாடு. வீட்டிலிருந்து கிளம்பி வலது பக்கம் ரெண்டு தடவை திரும்பினால் ஆபீஸ் வந்துவிடும். இவர் இடது, இடது, இடது என்று ஊரையே வளைத்துக்கொண்டு போவார். முதல் நாள் ரோடு வெட்டியிருக்கிறார்கள் என்றார். அடுத்த நாள் ஏதோ ஊர்வலம் என்றார். அதற்கடுத்த நாள், "இந்தப் பக்கம் காத்து நல்லா வருது" என்றார். தபால் ஆபீஸ் முன்னால் மூன்றாவது தடவையாகக் கடந்துபோனபோது அங்கே நின்றிருந்த தபால்காரர் தெரிந்தவர் மாதிரி கையை ஆட்டினார். மனைவி கணவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். அவர் அடுத்த தெருவிலும் இடது பக்கமே ஒடித்தார்.

சொல்லிவிடலாம் என்று அவர் நினைக்காமல் இல்லை. தினமும் நினைத்தார். சாப்பிட உட்காரும்போது வாயைத் திறப்பார். எதிரே அவள், "அந்த வேலை மட்டும் கிடைச்சா முதல் மாசமே பெரிய கட்டடத்துக்கெல்லாம் நானே போகணும்" என்று கண் மின்னப் பேசிக்கொண்டிருப்பாள். இவர் சோற்றை அள்ளி வாயில் போட்டு வாயை அடைத்துக்கொள்வார். சொன்னால் அவள் திட்டுவாள், அதுகூடப் பெரிதில்லை. தம்பியிடம் சொல்லுவாள். அவன் ஜென்மத்துக்கும் சொல்லிக் காட்டுவான். அதை நினைத்தால் சோறு இறங்காது.

டெஸ்ட் நாள் வந்தேவிட்டது. மைதானத்தில் வரிசையாகக் கார்கள். வேடிக்கை பார்க்க மச்சினனும் தன் பெரிய காரை ஓட்டிக்கொண்டு வந்து நின்றான். குட்டிக் காரின் டயரைப் பார்த்ததும் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினான். "என்ன மாமா, வண்டிக்கு ஹை ஹீல்ஸ் போட்டு விட்டிருக்கீங்க?" கண்ணாடிக்காரருக்கு அதைக் காதில் வாங்கிக்கொள்ளக்கூட நேரமில்லை. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அப்போதுதான் அவர் கண்ணில் அந்த அதிகாரியம்மாளின் மூக்குக் கண்ணாடி பட்டது. நாற்காலி போட்டு உட்கார்ந்து, போடுகிற எட்டையெல்லாம் பார்த்து 'பாஸ்', 'ஃபெயில்' என்று சொல்லிக்கொண்டிருந்தார் அந்த அம்மாள். கண்ணாடியோ ஒரு பக்கம் கோணிக்கொண்டு, மூக்கு நுனிக்கு வழுக்கி வழுக்கி வந்தது. சாதாரணமாகவே கோணல் கண்ணாடியைக் கண்டால் இவர் கை நமநமக்கும். இன்றைக்கு மூளையும் சேர்ந்து நமநமத்தது. அந்தத் தடிமன் லென்ஸைப் பார்த்தாலே தெரிகிறதே, இது இல்லாவிட்டால் இந்த அம்மாளுக்கு எதிரே நிற்பது ஆளா அலமாரியா என்றுகூடத் தெரியாது!

கடவுளே வழி காட்டிவிட்டார் என்று நினைத்தார் கண்ணாடிக்காரர். இந்த மாதிரி வழியையெல்லாம் கடவுள் காட்டுவதில்லை. அதை யார் அவருக்குச் சொல்வது?

மனைவியின் முறைக்கு முந்தைய கார் மைதானத்தில் சுற்றிக்கொண்டிருந்தபோது மெல்லப் பக்கத்தில் போய் நின்றார்.

"மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க. நான் கண்ணாடிக் கடை வச்சிருக்கேன். இப்படியே போட்டா மூக்குல தழும்பு விழுந்துடும். ரெண்டே நிமிஷம், நிமித்திக் குடுத்துடறேன்."

"அப்படியா? ரொம்ப நாளா தொந்தரவுதான்" என்று அம்மாள் கழற்றிக் கொடுத்துவிட்டார். "சீக்கிரம்யா, அது இல்லாம எனக்கு ஒண்ணும் தெரியாது."

"தெரியாதுங்களா? ஐயோ பாவம்" என்றார் கண்ணாடிக்காரர். சட்டைப் பையிலிருந்து குட்டி ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். ரெண்டு நிமிஷ வேலை. ஒரு ஸ்க்ரூவைக் கழற்றினார், ஊதினார், வெயிலில் பிடித்துப் பார்த்தார், மறுபடி ஊதினார். முந்தைய கார் முடிந்து போனது. வரிசையில் பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்தார்கள். அம்மாள் கையைக் காற்றில் வீசி, "சரி, அடுத்தவங்க எடுங்க, நேரமாகுது!" என்றார்.

குட்டிக் கார் கிளம்பியது. இடது சுற்று. அடடா, என்ன ஒரு வளைவு! கயிறு கட்டி இழுத்த மாதிரி அச்சுப் பிசகாமல் வந்தாள். அதிகாரியம்மாள் புகைமூட்டத்தைப் பார்ப்பது போலக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அந்தத் திசையில் தலையாட்டினார். கண்ணாடிக்காரருக்கு மூச்சே திரும்பி வந்தது. கார் நடுக்கோட்டைத் தாண்டி வலம் பக்கம் ஒடிந்தது.

க்ர்ர்ர்ர்ர்!

மைதானத்தின் ஓரத்தில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகூடத் தலையைத் தூக்கியது. கண் தெரியாவிட்டால் காதும் கேட்காது என்று கண்ணாடிக்காரர் எப்படித்தான் நினைத்தாரோ! வாழ்நாளெல்லாம் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தவருக்குக் காது என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிருக்கிறது. கார் நடுங்கி, குலுங்கி, நட்டு வைத்த கம்பத்தை இடித்துத் தள்ளிவிட்டு நின்றது.

"என்ன சத்தம் அது? யாரது ஓட்டறது?" அம்மாள் எழுந்துவிட்டார். "ஏம்மா, ஓட்டத் தெரியாம எதுக்கு இங்க வர்றீங்க? எறங்கு!"

மனைவி இறங்கினாள். கண்ணாடிக்காரர் தயாராக இருந்தார். இப்போது திரும்பித் தன்னைப் பார்த்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கப்போகிறாள் என்று தோளைக் குறுக்கிக்கொண்டார். அவள் வந்தாள். முகம் வெளுத்துப்போயிருந்தது. லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களுக்கெல்லாம் தைரியம் சொல்கிறவள், சின்னப் பெண் மாதிரி உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"என்னமோ தப்பாப் பண்ணிட்டேங்க" என்றாள். குரல் உடைந்துவிட்டது. "இவ்வளவு நாள் பொறுமையா சொல்லிக் குடுத்தீங்க. எனக்குத்தான் புத்தியில ஏறலை. வலது பக்கம் தானா வரும்னீங்க. வரலை. உங்க பேரையும் கெடுத்துட்டேன்."

கன்னத்தில் தண்ணீர் வழிந்தது.

கண்ணாடிக்காரருக்கு யாரோ செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. திட்டியிருந்தால் திருட்டு முழி முழித்துக்கொண்டு நின்றிருப்பார், ஏதாவது சொல்லிப் பூசி மெழுகியிருப்பார். மன்னிப்புக் கேட்கிறவளிடம் என்ன சொல்வது? தன்னைப்போல ஒரு கேவலமான ஆள் இருக்க முடியாது என்று அந்த நிமிஷம் அவருக்கு நிஜமாகவே தோன்றியது.

"நீ ஒண்ணும் பண்ணலை" என்றார். அதிகாரியம்மாள் பக்கம் திரும்பி மைதானத்துக்கே கேட்கிற மாதிரி சொன்னார். "மேடம்! தப்பு அவ மேல இல்லை. அந்த வண்டி வலது பக்கம் திரும்பாது. நான்தான் கெடுத்து வச்சிருக்கேன்."

பிறகு ஒன்று விடாமல் கொட்டினார். டயர், மெஷின், உருகின பிளாஸ்டிக், தினமும் இடது பக்கமாகவே ஊர்கோலம் போனது, கடைசியில் இந்த மூக்குக் கண்ணாடி வரைக்கும். வரிசையில் நின்றவர்கள் கார்களை விட்டு இறங்கி வந்து கேட்டார்கள். மச்சினன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெரிய காரின் மேல் சாய்ந்துவிட்டான். மனைவி மட்டும் சிரிக்கவில்லை, அசையவுமில்லை. கன்னத்துத் தண்ணீர் அப்படியே காய்ந்துகொண்டிருந்தது.

"முதல்ல என் கண்ணாடியைக் குடுய்யா" என்றார் அதிகாரியம்மாள்.

கொடுத்தார். அம்மாள் மாட்டிக்கொண்டு தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார். கண்ணாடி நிமிர்ந்து நின்றது. இவர் முகத்தை நிதானமாக ஒரு தடவை பார்த்தார். நேரே குட்டிக் காரிடம் போய்க் குனிந்து, டயரையும் தொங்கிக்கொண்டிருந்த பிளாஸ்டிக்கையும் பார்த்தார். திரும்பி வந்து மனைவியிடம் கேட்டார்.

"வண்டி கோளாறுன்னா வேற வண்டியில காட்டலாம். விதியில இடம் இருக்கு. வேற வண்டி இருக்காம்மா?"

"இருக்கு மேடம்" என்று முந்திக்கொண்டு சொன்னது மச்சினன். சாவியை நீட்டினான். "அக்கா, இந்தா."

"இதையா? இது மலை மாதிரி இருக்கேடா. நான் தொட்டதுகூட இல்லையே."

"இதுக்கு ரெண்டு பக்கமும் திரும்பும்க்கா. அது போதாதா?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தாவி ஏறினாள். சீட்டை முன்னால் இழுத்தாள், பக்கக் கண்ணாடிகளைச் சரி செய்தாள். கண்ணாடிக்காரர் பக்கம் திரும்பவே இல்லை. பெரிய கார் மெல்ல நகர்ந்தது. இடது சுற்று முடிந்தது, அது தெரிந்த விஷயம். வலது பக்கம் ஒடிக்கும்போது கண்ணாடிக்காரர் தன்னையறியாமல் காற்றில் ஸ்டியரிங் பிடித்து, உடம்பையே வலம் பக்கம் சாய்த்துவிட்டார். கார் ஒரு முறை தயங்கியது. கொஞ்சம் அகலமாகப் போனது. நின்றுவிடுமோ என்று பார்த்தால் நிற்கவில்லை, திரும்பியது, கம்பத்துக்கும் சக்கரத்துக்கும் ஒரு முழ இடைவெளி விட்டு முழுசாக வளைந்து வந்து நடுக்கோட்டைத் தொட்டது.

"பாஸ்!" என்றார் அம்மாள். வரிசையே கை தட்டியது. கண்ணாடிக்காரர் குழந்தை மாதிரி குதித்துவிட்டார். அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது, இனி கவலையில்லை, தான் என்ன ஆனாலும் சரி என்று இருந்தது.

அப்படி நினைத்து முடிக்கக்கூட விடவில்லை. அம்மாள் இவர் பக்கம் கையை நீட்டினார்.

"உங்க லைசென்ஸைக் குடுங்க."

"என்னோடதா மேடம்? எனக்கு எதுக்கு டெஸ்ட்?"

"டெஸ்ட் இல்லை. திரும்பாத வண்டியை ஊருக்குள்ள தினமும் ஓட்டியிருக்கீங்க, நீங்களே உங்க வாயால சொன்னீங்க. வண்டியைப் பழையபடி சரி பண்ணி இங்க கொண்டுவந்து காட்டுங்க. நான் பாத்த பிறகு திருப்பித் தர்றேன். அதுவரைக்கும் ஸ்டியரிங்ல கை வைக்கக் கூடாது." கண்ணாடியை விரலால் ஒருமுறை தொட்டுக்கொண்டார். "நல்லா நிமித்திருக்கீங்க. இப்ப எல்லாமே பளிச்சுன்னு தெரியுது."

குட்டிக் காரை அங்கேயே விட்டுவிட்டு எல்லோரும் பெரிய காரில் திரும்பினார்கள். மனைவிதான் ஓட்டினாள். மச்சினன் முன்னால், கண்ணாடிக்காரர் பின்னால். மச்சினன் அவ்வப்போது ஜன்னல் பக்கம் திரும்பித் தோள் குலுங்கச் சிரித்தான். கடைத்தெரு நெருங்கும்போது அவள் சாலையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"நான் அழுதேன்னுதானே சொன்னீங்க?"

"ஆமா" என்றார் அவர். "தாங்கலை. என் தப்புக்கு நீ என்கிட்டயே மன்னிப்புக் கேட்டியே, அதுதான் தாங்கலை."

"அழலேன்னா?"

அவர் வாயைத் திறந்தார். நல்ல பதிலாக ஒன்றிரண்டு நாக்கு நுனி வரைக்கும் வந்தன. பின்னால் பார்க்கிற கண்ணாடியில் அவள் கண்கள் தெரிந்தன. வந்த பதில்கள் வந்த வழியே திரும்பிப் போயின.

"சொல்லியிருக்க மாட்டேன்" என்றார்.

அவள் ஓரமாக வண்டியை நிறுத்தினாள்.

"எறங்குங்க."

"கடை இன்னும் தள்ளி இருக்கே."

"தெரியும். நடந்து போங்க."

அவர் இறங்கினார். மறுபேச்சுப் பேசுகிற தைரியமெல்லாம் மைதானத்தோடு போய்விட்டது. கதவைச் சாத்தும்போது மட்டும், "ராத்திரி சமையல் நான் பண்றேன்" என்று முணுமுணுத்தார்.

"பண்ணுங்க. நாளைக்கும் பண்ணுங்க" என்றாள் அவள்.

வெயில் சுள்ளென்று அடித்தது. அவர் ஓரமாக நின்று பார்த்தார். எவ்வளவு கோபத்திலும் அவள் சிக்னல் போட்டாள், பின்னால் வருகிற வண்டியைப் பார்த்தாள், அதைப் போகவிட்டுப் பதறாமல் சாலையில் ஏறினாள். சொல்லிக்கொடுத்தது நான்தானே என்று மனசுக்குள் ஒரு குட்டிக் கர்வம் எட்டிப் பார்த்தது. சீ, உனக்கு வெட்கமே கிடையாதா என்று அதன் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு, கண்ணாடிக்காரர் கடையைப் பார்த்து நடந்தார்.